போன் சூடானால் உள்ளே விசிறுவது யார்?

டெக் திண்ணை

சித்திரை வெயிலில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பைக்கில் போய் வருகிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் மேப் ஓடிக்கொண்டிருக்கும். ஓசூர் மேட்டில் இருக்கும்வரை போன் சமத்தாக இருக்கும். சூளகிரி தாண்டி இறங்க இறங்க திரை தானாக மங்கும். மேப் திக்கித் திணறி நகரும். வழியில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கலாம் என்றால் கேமரா திறக்க அடம்பிடிக்கும். கையில் எடுத்தால் தோசைக்கல்!

உடனே நமக்கு என்ன தோன்றும்? “போன் போச்சு, மாத்திடணும்.” சிலர் பிளே ஸ்டோருக்குப் போய் ‘கூலிங் ஆப்’ என்று தேடி இறக்குவார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “எப்பப் பாரு அதையே நோண்டிக்கிட்டு இருந்தா சூடாகாம என்ன பண்ணும்?” என்று ஒரு பாட்டும் இலவசமாகக் கிடைக்கும்.

ஆனால், அந்த நேரத்தில் உங்கள் போன் கெட்டுப்போகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வேண்டுமென்றே மெதுவாக நடக்கிறது. அப்படி நடக்கச் சொல்வது சில நூறு வரிகள் கொண்ட ஒரு புரோகிராம். ஆண்டுக்கணக்கில் அதை எழுதி, அடித்து, திருத்தி, சுருக்கி வந்திருக்கிறார்கள் பல நாட்டுப் பொறியாளர்கள். அதில் பெரும் பங்கு இந்தியர்களுடையது. இந்த வாரம் திண்ணையில் அந்தக் கதைதான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

போனின் மூளை, பிராசஸர். நகத்தளவு சிப்புக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஸ்விட்ச். 2 கிகாஹெர்ட்ஸ் வேகம் என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தச் சிப்பின் கடிகாரம் விநாடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு துடிப்பிலும் ஸ்விட்சுகள் மாறும்போது கொஞ்சம் மின்சாரம் செலவாகி, அது கடைசியில் வெப்பமாக வெளியே வருகிறது.

இந்தச் செலவுக்கு ஒரு கணக்கு உண்டு. வேகம் கூடினால் செலவு அதே விகிதத்தில் கூடும். ஆனால், அதிக வேகத்துக்கு அதிக வோல்டேஜ் தேவை. வோல்டேஜோ இரட்டிப்பானால் செலவு நான்கு மடங்காகும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கி, வோல்டேஜையும் 20 சதவிகிதம் குறைத்தால், செலவு பாதியாகாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். கொஞ்சம் மெதுவாகப் போனாலே நிறையக் குளிர்ச்சி கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றும். பெரும்பாலான போன்களில் அதற்கு இடம் கிடையாது. சிப்பின் சூடு உள்ளே இருக்கும் உலோகத் தகடு வழியாகப் பரவி, பின்பக்க மூடி வழியாகக் காற்றில் கலக்க வேண்டும். வெளியே 38 டிகிரி வெயில் அடித்தால் அந்த வழியும் அடைபட்ட மாதிரிதான். இன்னொரு தொல்லையும் உண்டு. சிப் சூடானால், வேலை செய்யாமல் சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் மின்சாரம் கூடுதலாகக் கசியும். கசிவு சூட்டைக் கூட்டும். சூடு கசிவைக் கூட்டும். யாராவது குறுக்கே வந்து நிறுத்தியாக வேண்டும்.

அந்த ‘யாராவது’தான் கெர்னல்.

மாங்கொட்டைக்குள் ஒரு பருப்பு

கெர்னல் என்றதும் மீசை வைத்த ராணுவ அதிகாரியை நினைக்க வேண்டாம். அவர் கர்னல். இது கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மாம்பழத்தில் நாம் பார்ப்பது தோல், சுவைப்பது சதை. கொட்டையை உடைத்தால் உள்ளே ஒரு பருப்பு இருக்கும், முளைப்பது அதிலிருந்துதான். போனிலும் திரையில் தெரியும் ஐகான்கள் தோல், ஆப்கள் சதை, எல்லாவற்றுக்கும் அடியில், ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசுவது கெர்னல்.

ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கியது. அன்று சுமார் 10,000 வரிகள். இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம் என்பது அதன் விதி.

போன் மட்டுமல்ல. ஏத்தர் நிறுவனம் 2021-லிருந்து ஓசூர் ஆலையில் மின்சார ஸ்கூட்டர் தயாரிக்கிறது. 2020-ல் அது அறிமுகப்படுத்திய 450எக்ஸ் ஸ்கூட்டரின் 7 அங்குலத் தொடுதிரைக்குப் பின்னால் இருந்தது ஸ்னாப்டிராகன் 212 சிப்பும் ஆண்ட்ராய்டும். ஆண்ட்ராய்டு என்றால் அடியில் லினக்ஸ் கெர்னல் என்று அர்த்தம். ஆக, ஓசூர் சாலையில் போகும் ஸ்கூட்டரிலும் ஒரு கெர்னல் வெயில் காய்ந்துகொண்டே பயணம் செய்கிறது. பாக்கெட்டில் இருக்கும் போனையாவது நிழலில் வைக்கலாம். ஸ்கூட்டரின் திரையை எங்கே ஒளித்துவைப்பது?

ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராவது தெரிந்த செய்தி. ஐபோனில் இருப்பது லினக்ஸ் அல்ல, ஆப்பிளின் சொந்த கெர்னல். அங்கும் சூட்டைக் கவனிக்கும் வேலை நடக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது ஐபோனைப் பயன்படுத்துங்கள் என்று ஆப்பிளே சொல்கிறது. நம் ஊர் சித்திரை மாதத்திடம் இதை யார் போய்ச் சொல்வது?

சென்சார், மேஸ்திரி, வேலையாள்

லினக்ஸ் கெர்னலில் சூட்டைக் கவனிக்கும் பொதுவான ஏற்பாடு 2008-ல் வந்தது. இன்டெல் பொறியாளர்கள் தொடங்கிவைத்தது. அதை மூன்று பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆள், சென்சார். சிப்பின் சூட்டைப் படித்துச் சொல்வது மட்டுமே அவர் வேலை. கெர்னல் இதை டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறித்துக்கொள்ளும். 45 டிகிரி என்றால் 45000.

இரண்டாவது ஆள், மேஸ்திரி. அவர் கையில் சில எல்லைக்கோடுகள் இருக்கும். இந்தச் சூட்டைத் தாண்டினால் வேகத்தைக் குறை. இதைத் தாண்டினால் எச்சரி. இதையும் தாண்டினால் எல்லாவற்றையும் அணைத்துவிடு. கடைசிக் கோட்டைத் தொட்டால் போன் தானாகவே ஆஃப் ஆகும். எடுத்த எடுப்பில் அந்த எல்லைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் மேஸ்திரியின் சாமர்த்தியம். மேஸ்திரிகளில் பல ரகம். ஒருவர், சூடு ஏறிக்கொண்டே போனால் வேகத்தை ஒரு படி குறைப்பார், மறுபடி பார்ப்பார், இன்னும் ஏறினால் இன்னொரு படி. இறங்கினால் ஒவ்வொரு படியாகத் திருப்பித் தருவார். ஆர்ம் நிறுவனம் 2015-ல் சேர்த்த இன்னொருவர், ‘இவ்வளவு வாட்தான் உங்களுக்கு பட்ஜெட்’ என்று பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் மின்சாரத்தைப் பங்கு பிரித்துக் கொடுப்பார்.

மூன்றாவது ஆள்தான் நம் கதாநாயகன். சொன்னதைச் செய்யும் வேலையாள்; கூலிங் டிரைவர். கெர்னல் இவரிடம் அடிப்படையாக மூன்றே கேள்விகள் கேட்கிறது. உன்னிடம் எத்தனை படிகள் இருக்கின்றன? இப்போது எந்தப் படியில் நிற்கிறாய்? இந்தப் படிக்குப் போகிறாயா? பூஜ்யம் என்றால் முழு வேகம். படி ஏற ஏற வேகம் குறையும், குளிர்ச்சி கூடும். ஃபேனும் இந்த மூன்று கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, பிராசஸரும் அப்படியே. யார் என்று மேஸ்திரிக்குத் தெரியவே வேண்டாம்.

எவ்வளவு எளிமையான ஏற்பாடு! ஆனால், வேலையாளின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் கதை வேறு.

மூட்டைக்குள் ஸ்பேனர்

பிராசஸரின் வேகத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் பொதுவான டிரைவர் 2012-ல் எழுதப்பட்டது. கோப்பின் தலைப்பிலேயே அமித் டேனியல் என்ற பொறியாளரின் பெயரும் சாம்சங் நிறுவனத்தின் பெயரும் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியே எழுதிக்கொண்டிருக்காமல் எல்லாரும் ஒரே டிரைவரைப் பயன்படுத்தட்டும் என்பது நல்ல யோசனை. வேலையும் நடந்தது. ஆனால், நாளாக நாளாக ஆட்கள் கூடினார்கள், சிப்புகள் கூடின, வசதிகள் கூடின. வரிகளும் கூடின.

பழைய கட்டமைப்பில் ஒரு சிக்கலை மட்டும் பார்க்கலாம். ஒரு சிப் எந்தெந்த வேகத்தில் ஓடும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. மூன்றாவது படி என்றால் எந்த வேகம் என்று தெரிய வேண்டுமானால், டிரைவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டியலை முதலிலிருந்து படித்தது. ஏறுவரிசையா, இறங்குவரிசையா என்று முதலில் ஊகித்தது. செல்லாத எண்களைத் தள்ளியது. இரண்டு முறை வந்ததை ஒன்றாக எண்ணியது. கடைசியில் விடையைச் சொன்னது. அடுத்த விநாடி மறுபடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து! அதோடு, பட்டியல் ஏதோ ஒரு வரிசையில்தான் இருக்கும் என்று அது நம்பிக்கொண்டிருந்தது. அப்படி இருக்கும் என்று அந்தப் பட்டியலைத் தருகிறவர்கள் எந்த உத்தரவாதமும் தந்திருக்கவில்லை.

பட்டறையில் எல்லா ஸ்பேனர்களையும் ஒரு கோணி மூட்டையில் போட்டு வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். 12-ம் நம்பர் வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் மூட்டையைக் கொட்டித் தேட வேண்டும்.

லினாரோ என்ற அமைப்பின் பொறியாளரான விரேஷ் குமார் 2014 இறுதியில் இதில் கை வைத்தார். ஆர்ம் சிப்புகளுக்கான லினக்ஸை மேம்படுத்த பல நிறுவனங்கள் 2010-ல் சேர்ந்து தொடங்கியது லினாரோ. பிராசஸர் வேகத்தைக் கவனிக்கும் கெர்னல் பகுதியின் பொறுப்பாளர்களில் ஒருவர் விரேஷ். அவர் செய்த மாற்றங்களில் ஒன்று கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. தொடக்கத்திலேயே ஒரே ஒரு முறை, வேகங்களையெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி ஒரு பலகையில் மாட்டிவிடு. அவ்வளவுதான். முதல் கொக்கியில் முழு வேகம், அடுத்ததில் அடுத்த வேகம். மூன்றாவது படி எது என்றால் மூன்று தள்ளிக் கை நீட்டினால் போதும். தேடுவதற்காகவே இருந்த ஃபங்ஷனுக்கு அதன் பிறகு வேலை இல்லாமல் போனது.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் எந்த ஆபரேட்டரிடமும் இதைச் சொல்லுங்கள், சிரிப்பார். “சார், இது எங்க லைன்ல முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற 5-எஸ்!”

லாரிக்கு யார் வேகம் சொல்வது?

2014-ல் பலகையைச் சரிசெய்தாயிற்று. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னும் இருந்தது. பிராசஸரின் வேகத்தைக் குறைக்கச் சொல்வது சூடு மட்டுமல்ல. பேட்டரியை மிச்சம் பிடிக்க நீங்கள் வைத்த செட்டிங் ஒரு வேகம் சொல்லும்; ஹார்டுவேர் ஒரு வரம்பு சொல்லும்; கூலிங் டிரைவர் ஒன்று சொல்லும். இதில் எதைக் கேட்பது?

ஓசூரிலிருந்து சேலத்துக்குப் போகும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, வண்டியில் பொருத்திய வேகக்கட்டுப்பாட்டுக் கருவி 80-க்கு மேல் விடாது. முதலாளி டீசலை மிச்சம் பிடிக்க 60-ல் போ என்கிறார். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது போர்டு 30 என்கிறது. டிரைவர் என்ன செய்வார்? மூன்றில் எது குறைவோ அதில் போவார். அவ்வளவுதான் விதி.

பழைய கூலிங் டிரைவர் இந்த எளிய விதியைச் சுற்றிவளைத்துச் செய்தது. வேக வரம்பில் யாராவது கை வைத்தால், ‘வரம்பு மாறப்போகிறது’ என்று ஒரு தகவல் வரும். உடனே கூலிங் டிரைவர் விழித்து, இது எந்த பிராசஸரைப் பற்றிய தகவல் என்று தன் பட்டியலில் தேடும். தான் முன்பு சொன்ன வேகத்தை எடுத்துப் பார்க்கும். புது வரம்பு அதைத் தாண்டினால் மட்டும் வெட்டும். நடுவில் வேறு யாரும் பட்டியலை மாற்றிவிடாமல் இருக்கப் பூட்டு போட்டு, முடிந்ததும் திறக்கும். முதலாளி போனில் பேசும்போதெல்லாம் தொப்பூரில் போர்டு வைத்தவர் ஓடிவந்து, “30-ஐ மறந்துடாதீங்க” என்று லாரிக்குள் எட்டிப் பார்ப்பது போல!

2019-ல் விரேஷ் குமார் இந்தச் சுற்றுவழியை எடுத்துவிட்டார். வேகத்தைக் கவனிக்கும் பொதுப் பகுதியில், யார் வேண்டுமானாலும் தங்கள் வரம்பைக் கோரிக்கையாகப் பதிவுசெய்யும் வசதி வந்தது. எல்லாக் கோரிக்கையிலும் குறைந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். கூலிங் டிரைவர் செய்ய வேண்டியதெல்லாம் தன் கோரிக்கையை மாற்றுவது மட்டும்தான். தகவலுக்காகக் காத்திருக்க வேண்டாம், தேட வேண்டாம், ஒப்பிட வேண்டாம். அதற்காக எழுதியிருந்த ஃபங்ஷனும் கிளம்பிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். வரிகளை நெருக்கி எழுதியதால் இந்த டிரைவர் சுருங்கவில்லை. ‘இது உண்மையில் யார் வேலை?’ என்று கேட்டதால் சுருங்கியது. நம் வீட்டிலும் நடப்பதுதான். கேஸ் புக் பண்ணிட்டியா என்று மூன்று பேர் மாறி மாறி நினைவுபடுத்துவதைவிட, அது இன்னாருடைய பொறுப்பு என்று முடிவாகிவிட்டால் வீட்டில் சத்தமே குறைந்துவிடும்.

ஒரே கணக்கு, இரண்டு நோட்டு

அதே 2019-ல் இன்னொரு சுத்திகரிப்பு. எந்த வேகத்தில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற கணக்கைக் கூலிங் டிரைவர் தனக்கென்று ஒரு அட்டவணையில் வைத்திருந்தது. அதற்குள், வேலைகளை எந்த பிராசஸர் கோருக்கு அனுப்பினால் சிக்கனம் என்று பார்ப்பதற்காக, கெர்னலில் பொதுவான ஒரு மின்செலவு அட்டவணை வந்துவிட்டது. ஒரே கணக்கு இரண்டு நோட்டில். ஆர்ம் நிறுவனத்தில் இருந்த குவென்டின் பெரே, கூலிங் டிரைவரின் தனி நோட்டை எடுத்துவிட்டு, பொது நோட்டையே பார்க்கும்படி மாற்றினார்.

மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரண்டு நோட்டும் ஒரே கணக்கைச் சொல்லும்வரை எந்தப் பிரச்னையும் இல்லை. என்றைக்கு ஒன்றில் எழுதி மற்றொன்றில் எழுத மறக்கிறோமோ, அன்றைக்குத்தான் தலைவலி. அதுவும் எந்த நோட்டு சரி என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

குறைப்பது ஏன் கஷ்டம்?

“இருக்கிறதை அழிக்கிறது ஒரு வேலையா?” என்று கேட்கலாம். ஓசூரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. டைட்டன் நிறுவனம் 2002-ல் அறிமுகப்படுத்திய எட்ஜ் கைக்கடிகாரம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே இருந்த இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். நாலு பொருளைச் சேர்த்துப் பெரிய கடிகாரம் செய்வது எளிது. ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துப் பார்த்து, இது இல்லாமலும் ஓடுமா என்று கேட்டு, ஓடும் என்று நிரூபித்த பிறகே எடுப்பது கடினம்.

கெர்னலில் அது இன்னும் கடினம். கூலிங் டிரைவரில் ஒரு வரி தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, குறைக்க வேண்டிய நேரத்தில் வேகம் குறையாது. சூடு கடைசிக் கோட்டுக்குப் போய், நீங்கள் அவசரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அணைந்துவிடும். அல்லது, குறைத்த வேகம் திரும்பி ஏறவே ஏறாது. நல்ல போன் ஆமை ஆகிவிடும். இரண்டிலுமே நமக்குக் காரணம் தெரியாது. “பழசாயிடுச்சு” என்று மாற்றிவிடுவோம். ஒரு குடும்பத்துக்கு 15,000 ரூபாய் செலவு, எங்கோ ஒரு வரியால்.

அதனால்தான் இந்தச் சுத்திகரிப்புகள் ஒரே வெட்டில் நடப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். தேவையில்லாத ஒரு மாறியை எடுப்பது ஒன்று. பெயரைத் தெளிவாக்குவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும், எதற்காக இதை மாற்றுகிறேன் என்று மனிதர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு விளக்கம் எழுத வேண்டும். அடியில் தன் பெயரைப் போட்டு, ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று ஒப்பமிட வேண்டும். 2004-லிருந்து இது வழக்கம். பிறகு மற்றவர்கள் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், திருப்பி அனுப்புவார்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் ‘இந்த வரி ஏன் போனது?’ என்று தேடினால், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

டிவிஎஸ் மோட்டார் 2002-ல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியபோது ஓசூர் பெருமைப்பட்டது. பெரிய மெஷின் வாங்கியதற்காகத் தரும் பரிசு அல்ல அது. தினமும் சிறுசிறு வீண்களைக் கண்டுபிடித்து நீக்கும் பழக்கம் இருந்தால்தான் அதன் பக்கத்திலேயே போக முடியும். லைனில் நின்று கைஸன் தாள் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு தொழிலாளியும், கெர்னலில் ஒரு வரியை நீக்கிய பொறியாளரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள். ஒருவர் பார்ப்பது இரும்பு, மற்றவர் பார்ப்பது எழுத்து.

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு

காலையில் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பஸ்களில் லேப்டாப் பையோடு எத்தனை பிள்ளைகள்! பலருக்கு சாஃப்ட்வேர் என்றாலே புதிதாக ஏதாவது ஆப் செய்வதுதான். கெர்னல் என்றதும், அதெல்லாம் பெரிய ஆட்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. இந்த டிரைவரின் இன்றைய வடிவம் சில நூறு வரிகளே. சி மொழி தெரிந்த கல்லூரி மாணவர் இரண்டு மாலைகளில் படித்துவிடலாம். லினக்ஸ் போட்ட லேப்டாப் இருந்தால் இன்னும் சுவாரஸ்யம். ‘சிஸ்’ என்ற ஃபோல்டருக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘தெர்மல்’ என்று திறந்தால், சென்சார்களும் வேலையாட்களும் வரிசையாக இருப்பார்கள். பெரிய வீடியோ ஒன்றை எடிட் செய்யவிட்டு அந்த எண்களைப் பாருங்கள். 45000 என்பது 60000, 70000 என ஏறுவதும், வேலையாளின் படி மாறினால் அதுவும் கண்ணெதிரே தெரியும்.

புதியவர்கள் பழகுவதற்கென்றே கெர்னலில் ‘ஸ்டேஜிங்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்னும் முழுமையாகச் சீர்செய்யப்படாத டிரைவர்கள் அங்கே கிடக்கும். எழுத்து நடையைச் சோதித்துச் சொல்ல ஒரு கருவியும், யாரிடம் திருத்தத்தை அனுப்ப வேண்டும் என்று சொல்ல இன்னொரு கருவியும் கெர்னலோடே இலவசமாக வருகின்றன. லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழிகாட்டிப் பயிற்சியும் நடத்துகிறது. இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. எந்தக் கல்லூரி, எத்தனை அரியர் என்று எவரும் கேட்பதில்லை. அனுப்பிய வரி சரியா என்றுதான் பார்ப்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “இவ்வளவு நேரமா உட்கார்ந்து என்ன செஞ்சே?” என்று கேட்கும்போது, “பத்து வரி அழிச்சேன்மா” என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அது நல்ல நாளாக இருந்திருக்கலாம்!

கையோடு சில டிப்ஸ்

போன் சூடாகும்போது உள்ளே இருக்கும் வேலையாளுக்கு நாம் செய்யக்கூடிய உதவிகள் இவை.

● கூலிங் ஆப் இறக்காதீர்கள். சாதாரண ஆப்புக்கு கெர்னலின் வேகப் படிகளைத் தொடும் அதிகாரம் கிடையாது. மற்ற ஆப்களை மூடுவதுதான் அதனால் முடிந்தது. அதை நீங்களே செய்யலாம். அதுவும் ஓர் ஆப்தான் என்பதால், தன் பங்குக்குச் சூட்டையும் கூட்டும்.

● வெயிலில் மேப் பார்த்தபடி சார்ஜும் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரியும் சூடாகும். சிப்பின் சூடும் அதோடு சேர்ந்தால் வேகம் குறைவது நிச்சயம். நீண்ட நேரம் சார்ஜ் போடும்போது தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள்.

● ஃப்ரிட்ஜில் வைப்பது வேண்டவே வேண்டாம். திடீர்க் குளிரில் உள்ளே ஈரம் படியும். நிழலில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா விட்டாலே போதும்.

● சிஸ்டம் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் சிப்புக்கு ஏற்ப கெர்னலை மாற்றி அமைத்துக்கொள்கிறது. அதில் செய்யும் திருத்தங்கள் உங்களுக்கு வந்து சேரும் வழி இந்த அப்டேட்தான்.

● நிழலில், சும்மா இருக்கும்போதும் போன் தொடர்ந்து சூடானாலோ, பின்பக்கம் உப்பியிருந்தாலோ அது இந்தக் கதை அல்ல. பேட்டரிக் கோளாறாக இருக்கலாம். உடனே அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை வெயிலில் திரை மங்கினால் போனைத் திட்டாமல் கொஞ்சம் நிழலில் ஒதுங்குங்கள். உள்ளே ஒரு வேலையாள் படி இறங்கிக்கொண்டிருக்கிறார். அவர் தடுமாறாமல் இறங்க, யார் யாரோ வழியில் கிடந்த சாமான்களையெல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

(அடுத்த வாரம்: சார்ஜர் வாங்கும்போது வாட் பார்ப்பது எப்படி?)